யார் வீட்டுப் பெண் என்று கேட்காதீர்கள்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் போன போக்கை நான் கவனிக்காமல் இல்லை. சமூகப்பணிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள், வந்தேன். 'ஆய்வும் அன்றாடப் பணியும்' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் பின்வரிசையில் ஒரு கொட்டாவி. அதைப் பார்த்துப் பக்கத்தில் இன்னொன்று. எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் வயதில் எனக்கும் ஆராய்ச்சி என்றால் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறக்கிற சமாச்சாரம்தான். அன்று நேரம் போதாமல் பாதியில் நிறுத்தியதை இங்கே முழுதாக எழுதித் தருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர் யார், இவர் யார் என்று கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நான் எழுதப்போவதே.

எண்பதுகளின் பிற்பகுதி அது. வாரத்தில் பாதி நாள் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி மாணவர்களுக்குப் பாடம் நடத்துவேன். மீதி நாள் பினாங்கு ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் பக்கத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த குடும்ப உதவி நிலையத்தில் வேலை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வகுப்பில் இருக்கும்போது நிலையத்தின் நினைப்பு, நிலையத்தில் இருக்கும்போது திருத்தாத விடைத்தாள்களின் நினைப்பு.

நிலையத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. சுற்றி இவ்வளவு தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் தமிழ்ப் பெண்கள் அதிகம் வரவில்லை. வந்தவர்களிலும் பலர் ஒரு முறை வந்ததோடு சரி. வீட்டில் அடிபடுகிறவர்கள், கணவன் குடித்தே அழிகிறவர்கள் மாடிப்படி ஏறி வருவார்கள், என் எதிரில் உட்காருவார்கள், சுற்றி வளைத்து ஏதோ சொல்வார்கள், போய்விடுவார்கள். இதற்கு எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னோம். நான் பாதி நாள்தான் இருக்கிறேன், மற்ற நாளில் தமிழ் பேச ஆள் இல்லை, அதனால்தான் நிற்கமாட்டேன் என்கிறார்கள். நானும் இதை நம்பினேன். எல்லாக் கூட்டத்திலும் உரக்கச் சொன்னேன்.

நிலையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டார். அவர் அலைந்து திரிந்து ஆதரவு திரட்டி, நிலையத்தில் ஒரு தமிழ்ப் பிரிவு தொடங்க ஏற்பாடு செய்தார். நான் முழுநேரப் பொறுப்பாளர். தமிழ்ப் பெண்களின் விவகாரங்கள் எல்லாம், ஏற்கெனவே வேறு ஊழியர்களிடம் இருப்பவை உட்பட, என்னிடம் வந்துவிடும். கோயில் மாதர் குழுவிலிருந்து தொண்டர்கள் முறைபோட்டு வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்பார்கள்.

"படியேறி வந்தா அம்மா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணும் டீச்சர்" என்று தலைவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. பல வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான்.

இந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆய்வு முறைகள் நடத்திக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகங்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அதில் வரும் குடும்பங்கள் சாப்பிடுவதும் வேறு, சண்டை போடுவதும் வேறு. 'நம் ஊரில் எல்லோரும் உண்மை என்று நம்புகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், போய்க் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்றேன். சியூ லான் என்ற மாணவி கையைத் தூக்கினாள். ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பெண், நிலையத்தில் களப்பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தவள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"தமிழ்ப் பிரிவு வந்தா தமிழ்ப் பெண்கள் வருவாங்கன்னு சொல்றீங்களே மேடம், அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மழை பெய்தால் நனைவோமா என்று கேட்டது போல இருந்தது எனக்கு. "போய்க் கேளேன்" என்றேன். திறப்பு விழாவில் தலைவர் பேசும்போது காட்டுவதற்கு ஓர் ஆய்வும் கையில் இருக்கட்டும் என்பதுதான் உள்ளுக்குள் இருந்த எண்ணம்.

முறையாகத்தான் செய்தோம். நிலையத்துக்கு ஒரு முறை வந்து நின்றுபோனவர்கள், தொடர்ந்து வருகிறவர்கள், இரு தரப்பிடமும் ஊழியர்கள் முதலில் சம்மதம் கேட்டார்கள். சம்மதித்தவர்களை மட்டும் மாணவர்கள் நிலையத்திலேயே பார்த்தார்கள். பெயர், தெரு, வேலை செய்யும் இடம் எதையும் கேட்கவும் கூடாது, எழுதிக்கொள்ளவும் கூடாது என்பது நிபந்தனை. தமிழ் மாணவன் ஒருவன் சிலரைத் தமிழில் சந்தித்தான். சியூ லான் சிலரை, தான் சந்தையில் பேசுகிற அந்த உடைந்த மலாயில் சந்தித்தாள்.

முடிவைச் சொல்ல வந்த நாளில் அந்தத் தமிழ் மாணவனின் முகம் தொங்கிப்போயிருந்தது. "என்கிட்ட யாரும் ஒன்னுமே சொல்லல மேடம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பின்னு சொல்லிட்டு நிலையத்து மைலோவையே கலக்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க" என்றான். வகுப்பு மறுபடியும் சிரித்தது. சியூ லான் சிரிக்கவில்லை. அவளிடம் எல்லோரும் பேசியிருந்தார்கள், அழுது முடியும் வரை பேசியிருந்தார்கள்.

தமிழ் ஊழியரிடம் ஏன் போகவில்லை என்று அவள் கேட்டதற்கு வந்த பதில்கள் வெவ்வேறு சொற்களில் ஒன்றாகவே இருந்தன. அந்த மேடம் நல்லவர்கள், ஆனால் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள். என் மாமியாரைத் தெரிந்தவர்கள். உட்கார்ந்ததும் எந்த ஊர், அப்பா பெயர் என்ன, எந்த எஸ்டேட்டிலிருந்து வந்தீர்கள், யார் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாய் என்று கேட்டார்கள். அதன்பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஏனென்றால் அந்தக் கேள்விகள் என் கைத்தொழில். வந்தவரோடு நெருக்கம் ஏற்படுத்த முதலில் உறவின் நூலைப் பிடியுங்கள் என்று மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் அதைத்தானே கேட்போம்? எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வழி, அங்கேயும் அதே கதைதான். புதிதாக ஒருவர் வாசலில் நின்றால் அம்மா "நீங்கள் ஆற்ற பிள்ளை?" என்று, அதாவது யாருடைய பிள்ளை என்று கேட்டு, பதில் கிடைத்த பிறகுதான் தேத்தண்ணி வைக்கப் போவார். கேட்பது மரியாதை, கேட்காமல் விட்டால் அலட்சியம். பினாங்கில் இரண்டு தமிழர்கள் இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் எங்கேயாவது ஒரு பொதுவான மாமா அகப்பட்டுவிடுவார். கல்யாண வீட்டில் அது சந்தோஷம். கணவன் கையால் உதடு கிழிந்து வந்தவளுக்கு அந்தப் பொதுவான மாமாதான் பயம்.

எங்கள் நிலையத்தில் ரொஹானா என்ற மலாய் ஊழியர் இருந்தார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. யார் வந்தாலும் "சுடா மாக்கான்?" என்று கேட்பார், சாப்பிட்டாயா என்று. பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் வந்த தமிழ்ப் பெண்கள்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். இது எங்கள் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் இருந்தார், அதனால் அவரிடம் போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சியூ லான் இன்னொன்றையும் சொன்னாள், அது அவளுடைய நேர்மை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்க, நலத்துறைக்கு மனுப் போட வருகிறவர்கள் தமிழ் ஊழியரைத்தான் விரும்பினார்கள். வயதானவர்களும் அப்படியே. வீட்டுக்கு வெளியே உள்ள பிரச்சினைக்கு நம்மாள் வேண்டும், வீட்டுக்கு உள்ளே உள்ள பிரச்சினைக்கு வெளியாள் வேண்டும். "ஆனா நான் பார்த்தது கொஞ்சப் பேர்தான் மேடம். இதை வச்சி ஊருக்கே இப்படித்தான்னு சொல்ல முடியாது" என்று முடித்தாள். அவளுக்கு நான் போட்ட மதிப்பெண் அந்தக் கடைசி வாக்கியத்துக்காக.

அது சரியான வார்த்தை. கொஞ்சப் பேர் சொன்னது ஊர் சொன்னதாகிவிடாது. வகுப்பறையில் அதோடு நிறுத்திவிட்டு, மேலும் ஆய்வு தேவை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நிலையத்தில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அந்த வாரம் ரொஹானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரிடம் சாந்தா என்றொரு பெண் வந்துகொண்டிருந்தாள். பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் வரும்போது வீடு வருவதற்கு முன்பே இறங்கி, மாடியேறி வந்துவிட்டுப் போவாள். கணவன் கண்மண் தெரியாமல் அடிப்பவன். பெண் குழந்தை ஒன்று. அதன்மீதும் கை நீள ஆரம்பித்திருந்தது. அவளையும் குழந்தையையும் வேறிடத்துக்கு மாற்ற ரொஹானா சத்தமில்லாமல் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். தங்க அறை, குழந்தைக்கு வேறு பள்ளி, வேறு பஸ் என்று எல்லாம் முக்கால்வாசி தயார். இன்னும் கொஞ்ச நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும்.

"அவளுடைய மாமியார் பெயர் ராசம்மா" என்றார் ரொஹானா.

ராசம்மா அக்காதான் கோயில் மாதர் குழுவின் தலைவி. தமிழ்ப் பிரிவின் வாசல் மேசையில் முதல் நாள் உட்காரப் போகிறவர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாந்தா படியேறி வருவாள். எதிரில் மாமியார், பட்டுப்புடவையோடு, வாங்கம்மா என்று கைகூப்பிக்கொண்டு.

இதற்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது, ரொஹானாவே சொன்னார். இனிமேல் சாந்தாவை நிலையத்தில் பார்க்காமல் பாயான் லெப்பாஸில் ஏதாவது ஒரு கடையில் பார்ப்பது. சாந்தா தப்பித்துவிடுவாள், விழாவும் நடக்கும், நானும் முழுநேரப் பொறுப்பில் உட்காருவேன். இரண்டு நாள் இந்த யோசனையோடு அலைந்தேன், மறைக்கவில்லை. ஆனால் சியூ லானிடம் பேசிய மற்றப் பெண்கள்? அவர்களுடைய மாமியார் யார், நாத்தனார் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சாந்தாவைத் தெரிந்ததால் அவளுக்கு மட்டும் பின்வாசலைத் திறந்துவிட்டு, முன்வாசலை எல்லோருக்கும் அடைத்துவிடுவதா? நம்மிடம் வந்த ஒருத்தியைக் காப்பாற்றுவது நம் வேலையில் பாதி. வராமல் போகிறவர்களைப் பற்றி நினைப்பது மீதிப் பாதி, அதற்கு நமக்கு யாரும் நன்றி சொல்லப்போவதில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசுவதென்று முடிவு செய்தேன். என் கோரிக்கைகள் இரண்டு. எந்தப் பெண்ணின் விவகாரத்தையும் அவளைக் கேட்காமல் என்னிடம் மாற்றக் கூடாது. வாசல் மேசையில் கோயில் தொண்டர்கள் உட்காரக் கூடாது. ஆனால் என் நிலைமையைப் பாருங்கள். சாந்தாவின் கதையைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தலைவர் இறங்கி வந்துவிடுவார். அதை மட்டும்தான் நான் சொல்லக் கூடாது. கூட்டத்தில் மாதர் குழு சார்பாக ராசம்மா அக்காவும் இருப்பார்.

ஆராய்ச்சி எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரையும் காட்டிக்கொடுக்காமல் எல்லோருக்காகவும் பேச என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை பிற்பகல், மேசை நிறைய கறிப்பாப்பும் தேநீரும். சியூ லானைப் பேசச் சொன்னேன். அவள் மெதுவாக, எளிய மலாயில், கண்டதைச் சொன்னாள். கொஞ்சப் பேர்தான் என்பதையும் மறக்காமல் சொன்னாள். அவள் முடிக்கும் முன்பே அறையில் சூடு ஏறிவிட்டது.

"என்ன டீச்சர் இது? நம்ம பொண்ணுங்க நம்மகிட்ட பேசமாட்டாங்கன்னு ஒரு சீனப் பொண்ணு வந்து சொல்றா, நீங்களும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றார் தலைவர்.

"அவ சொல்லலீங்க ஐயா. நம்ம பொண்ணுங்க சொன்னத அவ கேட்டுக்கிட்டு வந்திருக்கா. நாம யாரும் கேக்கல."

உணவுக்கடை வைத்திருந்த ஓர் உறுப்பினர் எழுந்தார். தங்கமான மனிதர், யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஓடுவார். "இதுல என்னலா இவ்ளோ பேச்சு? அந்தப் பொம்பளைங்க யாரு யாருன்னு பேரக் குடுங்க. நாங்க நாலு பேரு போயி, வீட்டுப் பெரியவங்கள வச்சிப் பேசி முடிச்சிடுறோம். நம்ம புள்ளைங்கதானே?"

"இதுக்குப் பயந்துதான் அண்ணே அவங்க வரல" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீங்க நல்ல மனசோடதான் போவீங்க. நீங்க திரும்பி வந்த பிறகு அந்த வீட்டுக் கதவ சாத்திடுவாங்க. அதுக்கு அப்புறம் அவளுக்கு என்ன நடக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அவர் உட்கார்ந்துவிட்டார். அப்போது ராசம்மா அக்கா சியூ லான் பக்கம் திரும்பினார். மலாயில்தான் கேட்டார், குரலில் கோபம் இல்லை. எந்தத் தெரு? டத்தோ கிராமாட்டா? ஃபேக்டரிக்குப் போகிற பிள்ளைகளா?

நான் தட்டில் இருந்த கறிப்பாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் கண்ணே சொல்லிவிடும் என்று பயம்.

"நாங்க அதெல்லாம் கேக்கல ஆண்ட்டி" என்றாள் சியூ லான். உண்மை. கேட்காதே என்று நாங்கள் வைத்த நிபந்தனை. ஒரு வகுப்பறை விதி நிஜமான ஒரு பெண்ணுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதும் அனுபவமும் உள்ளவர், ஏதோ வாடை அடித்திருக்க வேண்டும். "டீச்சர், நீங்க யாரையோ ஒருத்தர மனசுல வச்சிக்கிட்டுப் பேசுறீங்களா?"

"ஒருத்தர வச்சிப் பேசுனா அது புறணி ஐயா. நான் வராம போனவங்க எல்லாரையும் வச்சிப் பேசுறேன்."

"கொஞ்சப் பேரு சொன்னதுக்காக எல்லா ஏற்பாட்டையும் மாத்தணுமா?"

"பிரிவ மூடச் சொல்லல. வரவங்ககிட்ட யார்கிட்ட பேசணும்னு கேப்போம். தமிழ்ல பேசணும்னா நான் இருக்கேன். வேண்டாம்னா விட்டுடுவோம். நாங்க கேட்டது தப்பா இருந்தா ஒரு மேசைய நகர்த்துனதோட போச்சு. சரியா இருந்து நாம மாத்தாம விட்டா, அந்த நஷ்டம் நமக்கில்ல, அவங்களுக்கு."

"மாத்தலேன்னா?"

"அந்த முழுநேரப் பொறுப்புல நான் உக்கார மாட்டேன் ஐயா."

அந்தப் பொறுப்புக்காக நான் எத்தனை வருடம் வாதாடியிருந்தேன் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தலைவர் தாள்களை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். கடைசியில், "விழாவத் தள்ளி வைக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விழா நடக்கவே இல்லை. தமிழ்ப் பிரிவு மாலை மரியாதை இல்லாமல் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. வாசல் மேசையை எடுத்துவிட்டு ஒரு பெஞ்சு போட்டோம். இரண்டு உறுப்பினர்கள் விலகினார்கள். மாதர் குழுவுக்குப் பிள்ளைகளின் வாரக்கடைசி டியூஷனைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுக்கப்பட்டது, அதை அவமானமாக எடுத்துக்கொண்டு பாதிப் பேர் வரவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் சிலர் தூணைச் சுற்றிப் போனார்கள். தலைவர் வெகுகாலம் என்னோடு அலுவலக விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. என் மேசைக்கு ஐசி, பள்ளி, மனு என்று வரிசை நின்றது. கனமான விவகாரங்கள் ரொஹானாவிடம் போயின. 'ஃபாரம் நிரப்புற டீச்சர்' என்று எனக்குப் பட்டப்பெயர் கூட வந்தது. உறுத்தியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாடிப்படியில் காலடிச் சத்தம் கூடியிருந்தது, அது எனக்குப் போதும்.

வகுப்பையும் மாற்றினேன். ஒருவர் வந்தவராகவும் ஒருவர் ஊழியராகவும் நடிக்கும் பயிற்சியில், ஊர், பெற்றோர், புகுந்த வீடு பற்றி ஊழியர் முதலில் எதுவுமே கேட்கக் கூடாது என்று விதி வைத்தேன். தமிழ் மாணவர்கள் தவித்துப் போனார்கள். "யாரு எவருன்னு தெரியாம எப்படி மேடம் பேசுறது? வாயில பிளாஸ்டர் ஒட்டுன மாதிரி இருக்கு" என்று ஒருவன் கதறினான். அடுத்த வருட மாணவர்களைக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமுக்கு அனுப்பி அதே கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். அங்கே சில பதில்கள் வேறு மாதிரி வந்தன, நடைமுறையையும் கொஞ்சம் மாற்றினோம். வகுப்புக்கு நிலையம் சோறு போட்டது, நிலையத்துக்கு வகுப்பு கண்ணாடி பிடித்தது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே கொண்டுபோய் ஒரு குடும்பத்தின் தலையில் இறக்குவதும் வேண்டாம், எனக்கு அனுபவம் இருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவைப்பதும் வேண்டாம். போய்க் கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் இருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

சாந்தா அந்த மாதமே குழந்தையோடு போய்விட்டாள். போன மறுநாள் ரொஹானா முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து, எங்கே என்று தெரிய வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் புரிந்துகொண்டார்.

கடைசியாக ஒன்று. இதை வகுப்பில் நான் சொன்னதில்லை. ராசம்மா அக்கா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

சாந்தா போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் மாலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என் கையை ராசம்மா அக்கா பிடித்தார். பல நாள் தூங்காத முகம்.

"அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும்லம்மா? என் பேத்திய ஒரு தடவ பாத்தா போதும். நான் தூக்கி வளத்த புள்ள."

அவர் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையை அவர் இடுப்பில் வைத்துக்கொண்டு பிரகாரம் சுற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

"தெரியாதுக்கா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவரிடம் பாதி உண்மை பேசப் பிடிக்கவில்லை. "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

கையை விட்டுவிட்டார். திட்டப்போகிறார், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவர் கோபுரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு, யாரிடமோ பேசுவது போலப் பேசினார்.

"எங்க வீட்டுக்காரரும் அடிப்பாரு. இவன் அதப் பாத்துத்தான் வளந்தான். எனக்குப் போக ஒரு எடம் இல்ல. அந்தக் காலத்துல உங்க ஆபீஸ் இருந்திருந்தா நானும் வந்திருப்பேன்." என் பக்கம் திரும்பி, "உன்கிட்ட வந்திருக்க மாட்டேன். அந்த மலாய்க்காரப் பொண்ணுகிட்டதான் போயிருப்பேன்" என்றார்.

பிறகு பூசைக் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.